படுவான்கரைக்குப் போன ஃபயர்வோல்

அந்தப் பெட்டி பத்து மாதமாக அதிபரின் அலுமாரிக்குள் கிடந்தது. சுவிஸில் இருக்கும் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, அங்கே ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஃபயர்வோல் (வெளி இணையத்துக்கும் உள் நெட்வேர்க்குக்கும் நடுவே காவல் நிற்கும் பெட்டி) ஒன்றை வாங்கி, உடுப்புகள், விளையாட்டுச் சாமான்களோடு கப்பலில் அனுப்பியிருந்தார்கள். நல்ல சாமான்தான். ஆறு நெட்வேர்க் போர்ட், உள்ளே தகவல் சேமிக்கச் சின்ன எஸ்எஸ்டி, கனமான இரும்பு உடம்பு, ஒரு யூ உயரம் (இந்த மாதிரிப் பெட்டிகளின் உயரத்தை யூ கணக்கில்தான் சொல்வார்கள்). ஆனால் பள்ளிக்கூடத்தில் அதை மாட்ட ராக் என்ற இரும்புச் சட்டம் இல்லை, அதைத் தொட்டுப் பார்த்த ஆளும் இல்லை. ஐசிடி மிஸ் எனக்கு அழைத்தபோது சொன்ன முதல் வசனமே, "சேர், இத என்ன செய்யிற எண்டு எங்களுக்கு விளங்கல்ல, சும்மா வச்சிருக்கவும் மனமில்ல" என்பதுதான்.

நான் கல்லடி ஆள். கொழும்பில் பல வருடம் நெட்வேர்க் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். பள்ளிக்கூடம் படுவான்கரையில் இருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை; மேற்கே, வயல் பக்கம் இருப்பது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. நகரம், பெரிய கடைகள், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் எழுவான்கரையில்தான். 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் வாவியைப் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையை. இப்போது பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக எனக்குப் பெரிய நேரம் எடுக்காது. ஆனாலும் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு பொருள் பழுதானால் பார்க்க வரும் ஆட்கள் இன்னும் குறைவு. இதை மனதில் வைத்துத்தான் இந்த வேலையை ஒத்துக்கொண்டேன்.

ஒத்துக்கொள்ள முன் ஒரு பழைய கதை எனக்குள் ஓடியது. 2017-இல் நகரத்தில் ஓர் அலுவலகத்துக்கு இதே மாதிரி ஒரு ஃபயர்வோல் பூட்டிக் கொடுத்தேன். அழகாகச் செய்தேன் என்றுதான் நினைத்தேன். கேபிள்களைச் சீவிக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் லேபல் ஒட்டி, பாஸ்வேர்டை என் கொப்பியில் எழுதிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டேன். ஒருநாள் அது நின்றுபோயிருக்கிறது. அங்கே இருந்தவர்களுக்கு அவசரம். உள்ளே வரும் கேபிளைக் கழற்றி, கணினிகளுக்கு இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வேர்க் சுவிட்சில் நேரே குத்தினார்கள், இணையம் வந்தது, வேலை நடந்தது. இரண்டு வருடம் கழித்து வேறொரு அலுவலாகப் போனபோது பார்த்தேன்: ஃபயர்வோல் ராக்கில் அப்படியே இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, பச்சை லைட் எரிகிறது, அதன் வழியாக ஒரு பைட்டும் போகவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் கையில் நான் எதையுமே கொடுத்துவிட்டுப் போகவில்லை. அன்று அந்த அறையில் நின்றபோது வந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதனால் மிஸ்ஸிடம் முதலிலேயே சொன்னேன்: "மிஸ், நான் பூட்டித் தர மாட்டன். நீங்க பூட்டுங்க, நான் பக்கத்தில நிக்கிறன்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஓஎல் பிள்ளைகள் நாலு பேரையும் வரச்சொல்லட்டா?" என்று கேட்டார்.

முதல் சனிக்கிழமை அளவு எடுக்க மட்டும் போனேன். கணினி அறைச் சுவரில் ஏற்கெனவே ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு கெபினட் இருந்தது. ஒன்பது யூ. "இதுக்குள்ள வைக்கலாம்தானே?" என்று அதிபர் கேட்டார். உயரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மாதிரிச் சுவர்க் கெபினட்டுகள் சுவிட்சுக்கும், கேபிள்கள் வந்து சேரும் பட்ச் பனலுக்கும் செய்யப்பட்டவை, ஆழம் 450 மில்லிமீற்றர்தான். எங்கள் பெட்டி 500-க்கு மேல். அதோடு பின்னால் மின்கம்பி வளைந்து வர ஒரு சாண் இடமாவது வேண்டும். ராக் சாமான் வாங்குகிற எல்லோரும் எத்தனை யூ என்று கேட்பார்கள், ஆழத்தை மறந்துவிடுவார்கள். சாமான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கதவு பூட்டாது என்று தெரியும்.

புது ராக் வாங்கப் பள்ளிக்கூடத்திடம் காசு இல்லை. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு வெல்டிங் கடை இருக்கிறது. அங்கே இருக்கிற நானா கேற்றும் யன்னல் கம்பியும் அடித்தே வாழ்ந்தவர், கை சுத்தம். அவரிடம் போய், "நானா, பன்னிரண்டு யூ உயரத்துக்கு நாலு கால் வைத்து ஒரு ஃபிரேம், அகலம் பத்தொன்பது அங்குலம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன், விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

ராக் உலகத்தில் பத்தொன்பது அங்குலம் என்பது மாட்டுகிற பொருளின் முகத்தகட்டின் அகலம், தூணில் ஸ்குரூ போடும் இரு பக்கக் காதுகளையும் சேர்த்து. 482.6 மில்லிமீற்றர். இரண்டு தூண்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய வெளி அதைவிடக் குறைவு, 450 மில்லிமீற்றர் அளவில். இடது தூணின் ஓட்டை நடுவிலிருந்து வலது தூணின் ஓட்டை நடு வரை 465. நான் பத்தொன்பது என்று மட்டும் சொன்னதால் நானா தூண்களுக்கு நடுவே சரியாகப் பத்தொன்பது அங்குலம் வைத்து, நேர்த்தியாக வெல்ட் பண்ணி, அரத்தால் தேய்த்தும் வைத்திருந்தார். பெட்டியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம். காதுகள் தூணில் நிற்காமல் பெட்டி முழுக்க உள்ளே போனது. நானா என்னைப் பார்த்து, "தம்பி, இது பூந்து போகுதே" என்றார்.

வெட்டித்தான் திருத்த வேண்டியிருந்தது. வெட்டிய இரும்புக்கும் இரண்டாவது முறை செய்த கூலிக்கும் காசை நான்தான் கொடுத்தேன், அளவை ஒழுங்காகச் சொல்லாதது நான். இந்த முறை ஒரு தாளில் படம் கீறிக் கொடுத்தேன். ஒரு யூ என்றால் 44.45 மில்லிமீற்றர், பன்னிரண்டுக்கு 533. ஒவ்வொரு யூவுக்குள்ளும் மூன்று ஓட்டை. அவற்றுக்கு நடுவே உள்ள தூரம் சமமாக இருக்காது: 15.9, 15.9, பிறகு அடுத்த யூவின் முதல் ஓட்டைக்கு 12.7. இந்த மூன்றையும் கூட்டினால் 44.5 வரும். சமமாகப் பிரித்துத் துளைத்தால் பொருளின் ஓட்டையும் தூணின் ஓட்டையும் நேருக்கு நேர் வராது. நானாவுக்கு இது பிடித்துப்போனது. "இதுக்கு ஒரு கணக்கு இரிக்கி என்ன" என்று சொல்லி, தாளைத் தூணில் ஒட்டி, சென்டர் பன்ச்சால் ஒவ்வொரு புள்ளியையும் குத்தினார். கடையில் வாங்கும் ராக்கில் சதுர ஓட்டையும் அதற்குள் செருகும் கேஜ் நட்டும் இருக்கும். எங்களுக்கு 5 மில்லிமீற்றர் தடிப்பு அங்கிள் இரும்பில் 5 மில்லிமீற்றர் ட்ரில் ஓட்டை, அதற்குள் எம்6 அளவு ஸ்குரூவுக்கு டெப் போட்ட புரி. இப்போது தேவையான ஓட்டைகளுக்கு மட்டும் புரி போட்டோம். மற்றவை துளையோடு நிற்கின்றன, நாளைக்குத் தேவைப்பட்டால் யாரும் போடலாம். கடைசியாக துருவைத் தடுக்கும் அன்டிகொரோசிவ் பெயின்ற் இரண்டு பூச்சு. எழுவான்கரையில் என் வீட்டு யன்னல் கம்பியை உப்புக்காற்று தின்கிற வேகத்தைப் பார்த்தவன் நான், பெயின்ற் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

ஓட்டோவின் பின் சீற்றில் ராக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாலம் கடந்தோம். சித்திரை மாதம், வாவி தகடு மாதிரிக் கிடந்தது.

ராக்கை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. கணினி அறையில்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த அறைக்குக் கூரை தகரச் சீற், மேற்குப் பக்கம் முழுக்க யன்னல். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கினால் வயலைத் தடவி வருகிற அந்தச் சூட்டுக் காற்று எப்படி என்று மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உதடு வெடிக்கும், வீட்டுக்குள் மேசையெல்லாம் புழுதி படியும். இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் 40 பாகை வரை தாங்கும் என்றுதான் எழுதியிருப்பார்கள், அது பெட்டியின் முன்னால் உள்ளே போகிற காற்றின் வெப்பம். தகரத்தின் கீழே மாசி, பங்குனியிலேயே அந்த எல்லைக்குக் கிட்டப் போய்விடும். ஒரு யூ பெட்டிக்குள் இருக்கிற மின்விசிறிகள் நாற்பது மில்லிமீற்றர் குறுக்களவு, அவை பாவம், ஓரளவுக்குத்தான் இழுக்கும். நூல்நிலையத்துக்குப் பக்கத்தில் கொங்கிறீற் தட்டின் கீழே ஒரு சின்னக் களஞ்சிய அறை இருந்தது, பழைய மேசைகள், விளையாட்டுப் போட்டிக் கொடிகள், உடைந்த கரும்பலகை. அதிபர் யோசிக்காமல் ஆட்களை விட்டு அதைக் காலி செய்து தந்தார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், பல இடங்களில் இந்தப் பேச்சே எடுபடாது.

அடுத்தது எர்த். இதைப் பற்றி நான் நீளமாக எழுதத்தான் போகிறேன்.

பெட்டியை மேசையில் வைத்து, களஞ்சிய அறையின் சொக்கட்டில் குத்தி, மின்சாரம் போட்டோம். ஒரு பிள்ளை பெட்டியின் ஓரத்தைத் தொட்டுவிட்டு, "சேர், கிறுகிறுக்குது" என்று கையை எடுத்தாள். நான் புறங்கையால் தடவிப் பார்த்தேன், அதே கிறுகிறுப்பு. டெஸ்டரை இரும்பில் வைத்தால் மங்கலாக எரிந்தது. சொக்கட்டைக் கழற்றினால், மூன்று கால் சொக்கட்டுக்குப் பின்னால் இரண்டு வயர்தான். எர்த் கால் எதனோடும் சேரவில்லை. கணினியோ ஃபயர்வோலோ, இவற்றின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு இரண்டு சின்னக் கபசிற்றர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் இரும்பு உடம்பு 230-இன் பாதியில், 115 வோல்ட் அளவில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே உண்மையாகவே ஒரு லைவ் வயர் உடம்பில் பட்டுவிட்டால் அது போக வழி இல்லை. அடுத்ததாக அதைத் தொடுகிற பிள்ளைதான் வழி.

அன்று வேலையை அதோடு நிறுத்தினேன். மிஸ்ஸுக்கு ஏமாற்றம், பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். ஆனால் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கிழமை ஊரில் வயரிங் செய்கிற தம்பி ஒருவர் வந்து, தண்ணீர்க் குழாயடிக்குப் பக்கத்தில் செம்புப் பூச்சுள்ள எர்த் கம்பியை அடித்து இறக்கி, அந்த அறைக்குத் தனி லைனும் ட்ரிப் சுவிட்சும் போட்டுத் தந்தார். கடற்கரை மணலில் காய்ந்த காலத்தில் எர்த் எடுப்பது கஷ்டம், மணலில் ஈரம் நிற்காது. படுவான்கரை வயல் களிமண் அப்படி இல்லை, குழாயடியில் கோடையிலும் ஈரம் இருக்கும். ராக்கின் காலில் ஒரு இடத்தில் அந்த நல்ல பெயின்ற்றை நானே சுரண்டி, வெறும் இரும்பில் பச்சை மஞ்சள் வயரை முறுக்கினோம். பெயின்ற்றுக்கு மேல் முறுக்கினால் பார்க்க எர்த் போல இருக்கும், வேலை செய்யாது. பிறகு அதே பிள்ளை வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்டுமில்ல" என்றாள். அந்த நாளில் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமைதான் பெட்டியை ராக்கில் ஏற்றினோம். ஏற்ற முன் மூடியைக் கழற்றினோம். கப்பலில் வந்து அலுமாரியில் பத்து மாதம் கிடந்த பொருள், இரண்டு போர்ட்டுக்குள் குளவி மண் வைத்திருந்தது. உள்ளே பல்லி முட்டை இரண்டு. தூரிகையால் துடைத்து, பாவிக்காத போர்ட்டுகளுக்கு இறப்பர் மூடி போட்டோம். மின்சாரம் போனால் பற்றரியில் தாங்கும் கனமான யூபிஎஸ் அடியில், அதற்கு மேலே ஒரு யூ விட்டு ஃபயர்வோல், மேலே சுவிட்ச், உச்சியில் பட்ச் பனல். பிள்ளைகள் இருவர் இரண்டு பக்கமும் பிடிக்க, மிஸ் கீழ் ஓட்டைகளின் ஸ்குரூவை முதலில் முறுக்கினார், பாரம் அதில்தான் உட்காரும். முன் காது மட்டும் அந்தப் பாரத்தை வருடக்கணக்கில் தாங்காது, வளையும். பின் தூண்களுக்கு நடுவே நானா ஒரு குறுக்குத் தகடு வைத்துத் தந்திருந்தார், பெட்டியின் பின்பக்கம் அதில் ஓய்ந்தது.

செற்றிங் பகுதி பலருக்குப் பயமான பகுதி. எனக்கு அது மற்ற வேலைகளைவிடச் சின்னது. பழைய அலுவலகத்தின் அமைப்பு உள்ளே இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வோல் மென்பொருளைப் புதிதாகப் போட்டோம். இது இலவசமாகக் கிடைக்கிறது, ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுகிறது. பெட்டியோடு நேரே பேச உதவும் கொன்சோல் கேபிளை மிஸ்ஸின் லப்டொப்பில் குத்தி, வேகத்தை 115200 என்று வைத்ததும் கறுப்புத் திரையில் எழுத்து ஓடத் தொடங்கியது. 9600 என்று வைத்தால் குப்பை எழுத்துத்தான் வரும், பிள்ளைகளுக்கு அதையும் வேண்டுமென்றே காட்டினேன். எந்த போர்ட் எது என்பதற்குப் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டியதில்லை, ஒரு கேபிளைக் குத்தினால் எந்தப் பெயருக்கு லிங்க் வந்தது என்று திரை சொல்லும்.

முதலாவது தடங்கல் உடனே வந்தது. ஃபயர்வோலின் உள்பக்க முகவரி தானாக 192.168.1.1. இணைய நிறுவனம் தந்த ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1. இரண்டு பக்கமும் ஒரே தெருப்பெயர் இருந்தால் தபால்காரர் எங்கே போவார்? உள்பக்கத்தை 10.20.0.1-க்கு மாற்றினோம், இணையம் வந்தது. விஷயம் தெரிந்தவர்கள் சிலர், ரவுட்டரை வெறும் பாலமாக்கும் பிரிட்ஜ் மோடில் போட்டு, இணைய நிறுவனத்தோடு இணைகிற பிபிபிஓஇ வேலையை ஃபயர்வோலிலேயே முடித்திருக்க வேண்டும் என்பார்கள். நகரத்தில் நான் அப்படித்தான் செய்வேன். இங்கே வேண்டுமென்றே செய்யவில்லை. என்றாவது ஃபயர்வோல் செத்தால், மிஸ் ஒரு கேபிளை மாற்றிப் பள்ளிக்கூடத்துக்கு இணையம் கொடுக்க முடிய வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வரவேண்டிய சேவை எதுவும் இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை, ரவுட்டரிலும் ஃபயர்வோலிலும் முகவரி இரண்டு முறை மாறுவதால் யாருக்கும் நட்டமில்லை.

பிறகு நெட்வேர்க்கை மூன்றாகப் பிரித்தோம்: அலுவலகம், பிள்ளைகள், கமரா. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்துப் பாடங்களைத் திறந்தால் அலுவலகத்தில் புள்ளி ஏற்றுகிற வேலை நிற்கும் என்பதுதான் மிஸ்ஸின் பழைய முறைப்பாடு, அதற்கு வேக எல்லை வைத்தோம். கமராவுக்கு வெளியே போக அனுமதியே இல்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க இருந்த கமராக்களையும் அவற்றின் படத்தைப் பதிகிற டிவிஆர் பெட்டிகளையும் அவற்றின் மாற்றாத பாஸ்வேர்டாலேயே பிடித்து, ஒக்டோபரில் தளங்களின் பெயருக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தின்மேல் ஏவி, பெரிய பெரிய தளங்களையே மணிக்கணக்கில் முடக்கியது. எங்கள் கேற்றடிக் கமராவும் அதே வகைப் பெட்டியில்தான் ஓடுகிறது.

மாலை ஐந்து மணிக்கு எல்லாம் ஓடியது. மிஸ்ஸின் அம்மா அனுப்பிய பிட்டும் தயிரும் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தேன்.

திங்கள் காலை ஏழரைக்கு மிஸ் அழைத்தார். இணையம் இல்லை. எல்லா லைட்டும் எரிகிறது. சொல்லிக் கொடுத்தபடி கூகிளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் போட்டு, பதில் வருகிறதா என்று பார்த்திருக்கிறார், வருகிறது. பெயரைப் போட்டால் எதுவும் திறக்கவில்லை. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் பெயர் தேடுதலில் பிழை என்று விளங்கியது, ஏன் என்று விளங்கவில்லை. பாலம் கடந்து போய்ப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் தேடிய பிறகு தற்செயலாகத் திரையின் மேல் மூலையைப் பார்த்தேன்: பெட்டியின் கடிகாரம் பல வருடம் பின்னால் நின்றது. பிஎஃப்சென்ஸ் பெயர்களுக்கான பதிலை டிஎன்எஸ்செக் என்ற டிஜிட்டல் கையெழுத்தோடு சரிபார்க்கும். கையெழுத்துக்குத் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. கடிகாரம் பழைய வருடத்தில் நின்றால் எல்லாக் கையெழுத்தும் பொய்யாகத் தெரியும், எல்லாப் பதிலையும் அது எறிந்துவிடும். கடிகாரத்தைத் திருத்த நேரச் சேவையகத்திடம் போக வேண்டும், அதற்கும் ஒரு பெயர்தான், அந்தப் பெயரையும் தேட முடியாது. திறப்பு அறைக்குள், கதவு பூட்டு.

கையால் நேரத்தைத் திருத்தினேன், உடனே எல்லாம் வந்தது. திருத்திவிட்டு வந்ததுதான் தாமதம். செவ்வாய்க்கிழமையும் அதே அழைப்பு.

இரண்டாம் முறை மூடியைக் கழற்றினேன். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பற்றரி 3 வோல்ட் காட்ட வேண்டும், மீற்றர் ஒரு வோல்ட்கூடக் காட்டவில்லை. சந்திக் கடையில் புதுசு வாங்கிப் போட்டோம், நேரச் சேவையகம் ஒன்றைப் பெயரில்லாமல் எண்ணாகவும் கொடுத்து வைத்தோம். ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. கடிகாரம் மறந்துபோகிறது என்றால் பெட்டிக்கு இரவில் மின்சாரமே இல்லாமல் போகிறது. யூபிஎஸ் இருக்க எப்படி?

பள்ளிக்கூடத்தைக் காவல் காக்கும் வாச்சர் ஐயாவிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "ஓம் மனே, ஆறு மணிக்கு மெயின நான்தான் ஓஃப் பண்ணுற. அந்தப் பெட்டி கொஞ்ச நேரம் கத்திக் கத்தி இருந்திச்சு, பிறகு தானா அடங்கிட்டு." ஏன் ஐயா என்று கேட்டதும் கதை வந்தது. சில வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி மாலை இடி விழுந்து நாலு கணினியும் சுவிட்சும் எரிந்து போயிருக்கின்றன. அதிலிருந்து இன்றுவரை ஒருநாள் தவறாமல் மாலையில் மெயினை நிறுத்துகிறார், பகலில் இடி கேட்டாலும் ஓடிப்போய் நிறுத்துகிறார். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துச் சாமான் எரியக்கூடாது என்று தானாகச் செய்கிறார்.

அந்த எரிந்த சுவிட்ச் எங்கே இருந்தது என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பிரதான மண்டபத்திலிருந்து கணினி அறைக்கு நெட்வேர்க் கேபிள் ஒன்று வேப்பமரக் கொம்பில் கட்டி வானத்தோடு வந்தது. செம்புக் கேபிள். மெயினை நிறுத்தினாலும் அது நிற்கும். பக்கத்தில் இடி விழும்போது இரண்டு கட்டடத்து மண்ணும் ஒரே அழுத்தத்தில் இருக்காது, அந்த வித்தியாசம் முழுக்க அந்தக் கேபிளில் ஓடி இரண்டு முனையிலும் இருப்பதை எரிக்கும். ஐயா வருடக்கணக்காகக் காவல் காத்த வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்தே இருந்திருக்கிறது. அதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. "அப்ப நான் செய்தது வீணா மனே?" இல்லை ஐயா, மின்கம்பியால் வருவதை நீங்கள் மறித்தீர்கள், இதை மறிப்பது எங்கள் வேலை என்று சொன்னேன். அடுத்த மாதம் சுவிஸில் இருக்கும் பழைய மாணவர்களிடம் மறுபடி கேட்டு, கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் ஒளியையும் மின்சைகையையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றும் பெட்டி வைத்தோம். கண்ணாடி இழைக்குள் மின்சாரம் போகாது. வேப்பமரத்துக் கேபிளை அறுத்தது ஐயாதான், கத்தியைத் தானே கேட்டு வாங்கினார்.

மெயினை நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை, சொல்லியிருந்தால் அது பிழையும் கூட. ஆனால் ஒவ்வொரு இரவும் பெட்டி திடீரென்று சாவதும் நல்லதல்ல: டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருப்பது பாதியில் அறும், யூபிஎஸ் பற்றரி தினமும் அடிவரை காலியானால் வருடம் தாங்காது. அந்த யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி, பெயருக்கு 84 வாட்-மணி, கையில் வருவது அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அதை மின்வெட்டுக்கு வைத்திருக்க வேண்டும். 2022-இல் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போன நாட்களைப் பார்த்த நாடு இது.

அதனால் ஐயாவுக்கு ஏற்றபடி பெட்டியை மாற்றினோம். முன்னால் இருக்கிற பட்டனை ஒரு முறை அமத்தினால் ஒழுங்காக நிற்கும்படியும், மின்சாரம் வந்ததும் யாரும் தொடாமல் தானே எழும்பும்படியும் பெட்டியின் அடிப்படை அமைப்பான பயோஸில் வைத்தோம். ஓஎல் பிள்ளைகளில் கையெழுத்து அழகான ஒருவன் பெரிய அட்டையில் தமிழில் எழுதினான். மாலை: பட்டனை ஒரு முறை அமத்தவும், லைட் நிற்கும்வரை பார்க்கவும், யூபிஎஸ்ஸை நிறுத்தவும், மெயினை நிறுத்தவும். காலை: மெயின், பிறகு யூபிஎஸ், ஐந்து நிமிடம் பொறுக்கவும். கீழே இன்னொரு வரி: பெட்டி எழும்பாவிட்டால் நீலக் கேபிளை எங்கே மாற்றிக் குத்துவது, மாற்றிய திகதியையும் பெயரையும் எங்கே எழுதுவது. பாஸ்வேர்ட் ஒட்டிய உறையில் அதிபரின் அலுமாரியில் இருக்கிறது, பெட்டி பத்து மாதம் கிடந்த அதே தட்டில். அமைப்பின் பிரதி மிஸ்ஸின் பென்டிரைவில். என் கொப்பியில் ஒன்றும் இல்லை.

ஐயாவுக்குச் சொல்லிக் கொடுக்க மூன்று மாலை எடுத்தது. மூன்றாவது மாலை என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, முழுவதையும் தானே செய்தார். லைட் நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு நிமிடத்துக்கும் மேல். அவசரப்படவே இல்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள், நாலு மணியிருக்கும், மேற்கே வானம் மை மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. கல்லடியில் கொடியில் கிடந்த உடுப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது, ஐயா.

"மனே, இங்கால பெரிய இடி. பட்டன அமத்திட்டன். லைட் நிண்ட பிறகுதான் மத்ததெல்லாம் ஓஃப் பண்ணினன். மிஸ் வீட்ட போய்ட்டா, அதான் உங்களுக்குச் சொல்லி வச்சன்."

"நல்லம் ஐயா, காலையில எழும்புதா எண்டு பாருங்க" என்றேன். அடுத்த நாள் ஏழேகாலுக்கு மறுபடி அழைத்தார். எழும்பிவிட்டதாம்.